எஃப்ஆர்ஆர் – பேர்ட்: ஓஎஸ்பிஎஃப் ‘ஃபுல்’ காட்டிவிட்டால் போதுமா?

#1 நெசவுக்காரன்

வணக்கம். எல்லா ரூட்டர்களிலும் எஃப்ஆர்ஆர் ஓடும் நெட்வொர்க் ஒன்றில் பாதியை பேர்ட் 2க்கு மாற்றும் திட்டம் இருக்கிறது (இரண்டுமே ரூட்டிங் மென்பொருள்கள்). ரூட்டர்கள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை ஓஎஸ்பிஎஃப் பதிப்பு 2, ஏரியா 0 மட்டும், வேறிடத்திலிருந்து ரீடிஸ்ட்ரிபியூட் ஆகி உள்ளே வரும் வெளி ரூட்டுகள் சுமார் 300. இரண்டு விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) நேரடியாக இணைத்துப் பார்த்தால் முக்கால் நிமிடத்தில் ஃபுல் (அண்டையுடன் தரவு ஒத்துப்போன நிலை) வருகிறது, பிங்கும் போகிறது. இதற்கு மேல் என்ன சோதிக்க வேண்டும்? “இரண்டுமே ஓஎஸ்பிஎஃப் தரநிலையான ஆர்எஃப்சி 2328 தானே, பேசிக்கொள்ளும்” என்கிறார்கள் மேலதிகாரிகள்.

#2 முடிச்சு

ஃபுல் என்றால் ஹலோவில் (அண்டைகள் அவ்வப்போது அனுப்பும் அறிமுகப் பாக்கெட்டில்) இருந்த எண்கள் பொருந்தின, தரவுத்தளம் ஒருமுறை கைமாறியது, அவ்வளவுதான். இரண்டு ரூட்டருக்கு நடுவில் நாலைந்து எல்எஸ்ஏ (ரூட்டர் தன் இணைப்புகளை அறிவிக்கும் பதிவு) மட்டும் ஓடும்போது எந்தச் செயலாக்கமும் தவறாது. தவறுவதெல்லாம் தரவு பெருகும்போது, ஒரு பக்கம் செத்துப் பிழைக்கும்போது, நேரம் ஓடும்போது.

முதலில் சோதனைக்களத்தை மாற்றுங்கள். இரண்டு விஎம்மையோ நேம்ஸ்பேஸையோ (ஒரே கணினிக்குள் தனித்த நெட்வொர்க் இடம்) ஒரே வீஈத் இணையால் (லினக்ஸின் மெய்நிகர் கேபிள்) கட்டினால் ஒரு முனையை இறக்கியதும் மறுமுனையின் கேரியரும் (இணைப்புச் சமிக்ஞை) போய்விடும். டெட் டைமர் வேலை செய்கிறதா என்பதை நீங்கள் பார்க்கவே முடியாது. நடுவில் ஒரு லினக்ஸ் பிரிட்ஜ் வைத்து, ஒவ்வொரு ரூட்டரையும் தனி வீஈத்தால் அதில் செருகுங்கள். அப்போது ஒருவர் மௌனமானால் மற்றவர் 40 நொடி காத்திருந்துதான் தெரிந்துகொள்வார். உண்மையான சுவிட்ச் வழியாகவும் அப்படித்தான் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை: அதே கணினியில் டாக்கர் இருந்தால் பிரிட்ஜில் போகும் பாக்கெட்டுகளும் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின் ஃபார்வர்டு சங்கிலிக்குள் இழுக்கப்பட்டு, அதன் இயல்பான ‘டிராப்’ விதியில் ஹலோ காணாமல் போகலாம். டிசிபிடம்ப்பில் (பாக்கெட் பதிவுக் கருவி) அனுப்பும் பக்கம் ஓஎஸ்பிஎஃப்பின் நெறிமுறை எண் 89 தெரிந்து, பெறும் பக்கம் தெரியவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள். பேர்ட் மேல் பழி போடாதீர்கள்.

குறைந்தது மூன்று ரூட்டர்: எஃப்ஆர்ஆர் – பேர்ட் – எஃப்ஆர்ஆர். பிறகு பேர்ட் – எஃப்ஆர்ஆர் – பேர்ட். நடுவில் இருப்பவர் தான் உருவாக்காத எல்எஸ்ஏவைச் சிதைக்காமல் கடத்துகிறாரா என்பதை இரண்டு பேரை வைத்துச் சோதிக்க முடியாது.

#3 கரையோரம்

எம்டியூவை (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) விட்டுட்டீங்களே. நான் பார்த்த வரைக்கும் எல்லாரும் முதல்ல மாட்டுறது இதுல.

ஒரு பக்கம் 1500, இன்னொரு பக்கம் 9000ன்னு வச்சுப் பாருங்க. தன்கிட்ட இருக்குற எல்எஸ்ஏக்களைப் பட்டியல் போட்டு அனுப்புற டேட்டாபேஸ் டிஸ்கிரிப்ஷன் பாக்கெட்ல அனுப்புறவரோட எம்டியூ இருக்கும். தன்னோடதைவிடப் பெருசா வந்தா அந்தப் பாக்கெட்டை நிராகரிக்கணும்னு ஆர்எஃப்சி சொல்லுது. சின்னதா வந்தா எதுவும் சொல்லலை. எஃப்ஆர்ஆர் அப்படியே செய்யும். பேர்ட் லாக்ல ‘எம்டியூ மிஸ்மேட்ச்’ன்னு எச்சரிக்கை எழுதிட்டு மேல போயிடும். அதனால எந்தப் பக்கம் பெருசுங்கிறதைப் பொறுத்து ரெண்டு வேற வேற நோய் வரும்.

எஃப்ஆர்ஆர் 1500, பேர்ட் 9000: உடனே மாட்டும், எஃப்ஆர்ஆர் லாக்லயே காரணம் வரும். இது நல்ல நோய்.

எஃப்ஆர்ஆர் 9000, பேர்ட் 1500: சின்ன லேப்ல ஃபுல் வரும், எல்லாரும் கை தட்டிட்டுப் போயிடுவாங்க. கணக்கைப் பாருங்க. 1500ல ஐபி தலைப்பு 20, ஓஎஸ்பிஎஃப் தலைப்பு 24, டிஸ்கிரிப்ஷனோட நிலையான பகுதி 8, மொத்தம் 52 போனா மிச்சம் 1448. ஒரு எல்எஸ்ஏ தலைப்பு 20 பைட். ஆக 72 தலைப்பு கொள்ளும். எம்டி5 அங்கீகாரம் போட்டா கடைசியில இன்னும் 16 பைட் போய் 71. தரவுத்தளத்துல 73வது எல்எஸ்ஏ வந்த அன்னைக்கு எஃப்ஆர்ஆர் 1500க்கு மேல ஒரே பாக்கெட்டா அனுப்பும், அந்தப் பக்கம் விழுந்துடும், ஃபுல்லுக்கு முந்தின எக்ஸ்சேஞ்ச் நிலையிலயே நிக்கும். உங்களுக்கு 300 வெளி ரூட் இருக்கு. லேப்ல 5 இருந்திருக்கும்.

#4 நெசவுக்காரன்

கரையோரம் சொன்ன முதல் வகையைச் செய்து பார்த்தேன். எஃப்ஆர்ஆர் எக்ஸ்ஸ்டார்ட் (எக்ஸ்சேஞ்சுக்கு முந்தைய நிலை) காட்டுகிறது, பேர்ட் எக்ஸ்சேஞ்ச் காட்டுகிறது. வேறொரு ஜோடியில் இரண்டுமே எக்ஸ்ஸ்டார்ட். கான்ஃபிக் ஒன்றுதான், முகவரிகள் மட்டும் வேறு. ஏன்?

#5 முடிச்சு

முகவரிகள் வேறு என்றால் ரூட்டர் ஐடியும் வேறாக இருக்கும். எக்ஸ்ஸ்டார்ட்டில் இருவரும் “நானே மாஸ்டர்” என்று காலிப் பாக்கெட் அனுப்புவார்கள். பெரிய ரூட்டர் ஐடிக்கு மற்றவர் அடங்க வேண்டும். எஃப்ஆர்ஆரின் ஐடி பெரிது என்றால், பேர்ட் அதன் பாக்கெட்டை ஏற்று ஸ்லேவ் ஆகி எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விடும். அதன் பதிலை எஃப்ஆர்ஆர் எம்டியூ காரணமாகத் தூக்கி எறிவதால் அது எக்ஸ்ஸ்டார்ட்டிலேயே நிற்கும். பேர்டின் ஐடி பெரிது என்றால், ஸ்லேவின் ஒப்புதலுக்காகப் பேர்ட் காத்திருக்கும், அது வராது, இரண்டும் எக்ஸ்ஸ்டார்ட்.

எனவே ஒவ்வொரு சோதனையையும் ரூட்டர் ஐடியை மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். டிஆர் (நெட்வொர்க் எல்எஸ்ஏவை உருவாக்கும் பொறுப்பு ரூட்டர்) தேர்விலும் இதே கதை: இரண்டின் பிரையாரிட்டியும் இயல்பாக 1, அதனால் ஐடி பெரியவரே டிஆர். ஒரு வரிசையில் மட்டும் சோதித்தால், பேர்ட் உருவாக்கிய நெட்வொர்க் எல்எஸ்ஏவை எஃப்ஆர்ஆர் ஒருமுறைகூடப் படித்திருக்காது.

எம்டியூ-இக்னோர் (எம்டியூ சோதனையை விட்டுவிடும் தேர்வு) போடுவதைத் தீர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்றும், அவ்வளவே. இரு முனையிலும் எம்டியூவைச் சமமாக்குங்கள்.

#6 பனைநிழல்

‘ஃபுல் இருக்கு, ரூட் இல்லை’ என்கிற நிலையையும் வேண்டுமென்றே உருவாக்கிப் பாருங்கள். நெட்வொர்க் வகையாக ஒரு பக்கம் பிராட்காஸ்ட், மறுபக்கம் பாயின்ட்-டு-பாயின்ட் எழுதுங்கள். இரண்டுக்கும் ஹலோ 10, டெட் 40 என்பதால் ஹலோவில் முரண் தெரியாது, நெட்வொர்க் வகை அந்தப் பாக்கெட்டில் இல்லவே இல்லை. அட்ஜசென்சி (அண்டை உறவு) ஃபுல் ஆகிவிடும். ஆனால் ஒருவர் தன் ரூட்டர் எல்எஸ்ஏவில் “நான் அந்த ரூட்டருடன் நேராக இணைந்திருக்கிறேன்” என்பார், மற்றவர் “நான் ஒரு டிரான்சிட் நெட்வொர்க்கில் இருக்கிறேன்” என்பார். குறுகிய பாதையைக் காணும் எஸ்பிஎஃப் கணக்கில் திரும்பும் இணைப்பு இருக்கிறதா என்ற சரிபார்ப்பு தோற்று, அந்த வழி மரத்தில் ஏறாது. இதில் யார் மேலும் தவறில்லை, இரண்டு செயலாக்கமும் சரியாகவே நடந்துகொள்கின்றன. அதனால்தான் இரு பக்கமும் வகையை வெளிப்படையாக எழுத வேண்டும், இயல்பு மதிப்பை நம்பக் கூடாது.

இயல்பு மதிப்பு என்றதும் நினைவுக்கு வருவது காஸ்ட் (இணைப்பின் செலவு எண், சிறியதே விரும்பப்படும்). எஃப்ஆர்ஆரில் ஒப்பீட்டு வேகம் 1,00,000 மெகாபிட், எனவே 1 ஜிகாபிட் இணைப்பின் காஸ்ட் 100. பேர்ட் வேகத்தைப் பார்ப்பதே இல்லை, எதற்கும் 10. அப்படியே விட்டால் போகும் பாதை ஒன்று, வரும் பாதை ஒன்று. வெளி ரூட்டுகளில் இன்னும் மோசம்: எஃப்ஆர்ஆர் ரீடிஸ்ட்ரிபியூட் செய்வது டைப் 2, மெட்ரிக் 20, பேர்டுக்கு டைப் 2, 10000. ஒரே பிரிஃபிக்ஸை (முகவரித் தொகுதியை) இருவரும் அறிவித்தால் எப்போதும் எஃப்ஆர்ஆர் பக்கமே போகும். மாற்றும் இரவில் ஒவ்வொரு பெட்டியாக பேர்ட் ஆகும்போது டிராஃபிக் மிச்சமுள்ள எஃப்ஆர்ஆர் பெட்டிகளில் குவியும்.

#7 தந்திக்கம்பம்

இவ்வளவு தேவையா? எஃப்ஆர்ஆருக்கும் குவாகாவுக்கும் இடையில் சோதித்த அறிக்கை கையில் இருக்கிறது. எல்லாம் பாஸ். பேர்டும் அதே ஆர்எஃப்சி தானே?

#8 முடிச்சு

அந்த அறிக்கையால் இங்கே பயன் குறைவு. ஸீப்ராவிலிருந்து குவாகா, குவாகாவிலிருந்து 2017இல் எஃப்ஆர்ஆர் பிரிந்தது. பாக்கெட்டைப் பிரித்துப் படிக்கும் நிரல் ஒரே பாட்டன் சொத்து. எழுதியவர் ஆர்எஃப்சியை ஓரிடத்தில் தவறாகப் படித்திருந்தால் இரு பக்கமும் அதே தவறைச் செய்து அழகாக ஒத்துப்போகும். பேர்ட் பிராகில், சார்லஸ் பல்கலைக்கழக மாணவர் திட்டமாகத் தொடங்கி, இப்போது செக் டொமைன் பதிவகமான சிஇசட்.நிக் பராமரிப்பில் இருக்கிறது; நிரல் தனி. இணையத் தரநிலை அமைப்பான ஐஇடிஎஃப் 1996இல் ஆர்எஃப்சி 2026இல் டிராஃப்ட் ஸ்டாண்டர்டு நிலைக்கு ஒத்தியங்கும் இரண்டு செயலாக்கங்களைக் கேட்டபோது, அவை தனித்தனி நிரலடியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்தது இதற்காகத்தான்.

#9 கரையோரம்

இப்ப செத்துப் பிழைக்கிற சோதனை. என் கணக்குல இதுதான் எல்லாத்தையும்விட முக்கியம்.

எஃப்ஆர்ஆர்ல 300 பிளாக்ஹோல் (வந்ததை எறியுற) ஸ்டாட்டிக் ரூட் போட்டு ரீடிஸ்ட்ரிபியூட் பண்ணுங்க. பேர்ட்ல எண்ணிப் பார்த்தா 300 டைப் 5 (வெளி ரூட்டைச் சொல்ற) எல்எஸ்ஏ இருக்கணும். எஃப்ஆர்ஆரோட ஓஎஸ்பிஎஃப் டீமனை (பின்னணி நிரலை) சிக்னல் 9 குடுத்துக் கொல்லுங்க. மரியாதையா நிறுத்தினா அது போறதுக்கு முன்னாடி தன் எல்எஸ்ஏவைத் திரும்ப எடுத்துக்க வாய்ப்பு இருக்கு, அதனால 9 தான். 40 நொடிக்குள்ள, ஸ்டாட்டிக்ல 100ஐ நீக்கிட்டு மறுபடி கிளப்புங்க.

இப்ப பேர்ட் கையில பழைய 300 இருக்கு. தரவு கைமாறும்போது எஃப்ஆர்ஆருக்குத் தன் பேரிலேயே இருக்குற, தனக்கே நினைவில்லாத எல்எஸ்ஏக்கள் திரும்ப வரும். ஆர்எஃப்சி 2328ல 13.4ம் பிரிவு: இன்னும் தேவைன்னா வந்த வரிசை எண்ணைவிட ஒண்ணு கூட்டி மறுபடி வெளியிடணும், தேவையில்லைன்னா வயசை 3600 ஆக்கி வெளியேத்தணும். பேர்ட்ல 200க்கு இறங்கணும். இறங்கலைன்னா அந்த 100 பேய் ரூட்டும் ஒரு மணி நேரம் வரைக்கும் உயிரோட இருந்து டிராஃபிக்கை முழுங்கும். அப்புறம் திருப்பிப் போட்டு, பேர்டைக் கொன்னு பாருங்க. இதே வேலையை, பாக்கெட் இழப்பைச் செயற்கையா உண்டாக்குற நெட்எம்ல 5 சதவீத இழப்பு வச்சும் ஒரு தடவை ஓட்டுங்க, வெளியேத்துற பாக்கெட் தொலைஞ்சா மறுபடி அனுப்புறாங்களான்னு தெரியும்.

#10 பனைநிழல்

கூடவே 10.0.0.0/16, 10.0.0.0/24 இரண்டையும் ஒரே ரூட்டரிலிருந்து அறிவியுங்கள். டைப் 5இல் லிங்க் ஸ்டேட் ஐடி என்பது நெட்வொர்க் முகவரி. இரண்டுக்கும் அது 10.0.0.0 ஆகிவிடும். ஆர்எஃப்சியின் பின்னிணைப்பு ஈ ஹோஸ்ட் பிட்டுகளை நிரப்பி ஒன்றை 10.0.0.255 போல மாற்றச் சொல்கிறது, ஆனால் அதை ஒரு வழியாகத்தான் சொல்கிறது, கட்டாயமாக அல்ல. பெறுபவர் ஐடியை முகவரியாகப் படிக்காமல் மாஸ்க்குடன் சேர்த்துப் படிக்கிறாரா என்பதே கேள்வி. பிறகு ஒன்றை மட்டும் நீக்கி, மற்றது எல்லா ரூட்டர்களின் கெர்னல் அட்டவணையிலும் நிற்கிறதா பாருங்கள்.

பழைய ஓஎஸ்பிஎஃப் தரநிலையான ஆர்எஃப்சி 1583க்கான இணக்கத் தேர்வு எல்லா ரூட்டரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கான்ஃபிக் கோப்புகளில் யாரோ போட்டு மறந்திருப்பார்கள். வெளி ரூட்டுத் தேர்வு விதி மாறி லூப் வர அதுவே போதும்.

#11 தந்திக்கம்பம்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மணி நேரம் காத்திருக்கும் சோதனையைத் தானியங்கி ஓட்டத்தில் எப்படி வைப்பது? 1800, 3600 இரண்டையும் கான்ஃபிக்கில் குறைக்க முடியாதா?

#12 முடிச்சு

முடியாது. புதுப்பிப்பு 1800 நொடி, அதிக வயது 3600 நொடி, ஒரே எல்எஸ்ஏவை மறுபடி ஏற்க 1 நொடி இடைவெளி, மறுபடி உருவாக்க 5 நொடி இடைவெளி: ஆர்எஃப்சி இவற்றை மாறிலிகளாகவே வைத்திருக்கிறது. சோதனைக்காக நிரலைத் திருத்தித் தொகுத்தால் நீங்கள் சோதிப்பது வேறு மென்பொருள். சோதனையை இரண்டாகப் பிரியுங்கள்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடும் பத்து நிமிடத் தொகுப்பு, இரவில் 75 நிமிடம் சும்மா நிற்க விடும் தொகுப்பு. இரண்டாவதில் வரிசை எண் ஒவ்வொரு எல்எஸ்ஏவுக்கும் இரண்டு முறையாவது ஏறியிருக்க வேண்டும், ரூட் ஒன்றுகூடக் கண் சிமிட்டியிருக்கக் கூடாது. ரூட் மாற்றங்களைக் கவனிக்க கெர்னலின் ஐபி மானிட்டரை நேரக்குறியுடன் ஓடவிடுங்கள்.

மேலே சொன்ன 1 நொடி, 5 நொடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆர்எஃப்சி மாறிலி என்றாலும், இவற்றுக்கான எல்எஸ்ஏ கட்டுப்பாட்டு டைமர்கள் எஃப்ஆர்ஆரில் கான்ஃபிக்கில் மாற்றக்கூடியவை. வேகம் வேண்டும் என்று சிலர் அதை 0 ஆக்குவார்கள். ஒரே நொடிக்குள் இரண்டாவது பதிப்பு வந்தால் எதிர்ப்பக்கம் விதிப்படி அதைக் கண்டுகொள்ளாமல் விடும். ஒப்புதல் வராததால் எஃப்ஆர்ஆர் 5 நொடி கழித்து மறுபடி அனுப்பும். வேகமாக்கப் போய் 5 நொடி தாமதம். இணைப்பை அரை நொடிக்குள் இறக்கி ஏற்றினால் இது கேப்சரில் அப்பட்டமாகத் தெரியும்.

#13 நெசவுக்காரன்

தேர்ச்சி என்பதை எதை வைத்து முடிவு செய்வது? பிங் போதாது என்று புரிகிறது.

#14 பனைநிழல்

இரண்டு ஒப்பீடு. முதலாவது, எல்லா ரூட்டரின் தரவுத்தளத்திலிருந்தும் வகை, ஐடி, உருவாக்கியவர், வரிசை எண், செக்சம் (பிழை சரிபார்ப்பு எண்) ஐந்தையும் எடுத்து வரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். வயதை விட்டுவிடுங்கள், அது ஒவ்வொரு இடத்திலும் வேறாகவே இருக்கும், செக்சமும் அதைச் சேர்த்துக்கொள்ளாது. எஃப்ஆர்ஆர் ஜேசானாகத் தரும். பேர்டின் வெளியீட்டை வரி வரியாகப் பிரிக்க வேண்டும். இரண்டாவது, டீமன் சொல்லும் ரூட்டை அல்ல, கெர்னலில் ஏறிய ரூட்டை எதிர்பார்த்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். முதலாவது பொருந்தி இரண்டாவது பொருந்தவில்லை என்றால் கோளாறு எஸ்பிஎஃப் கணக்கிலோ கெர்னலுக்குக் கொடுக்கும் இடத்திலோ, நெறிமுறையில் இல்லை. தேடும் இடம் பாதியாகும்.

எம்டி5 வைத்திருந்தால் மூன்று சோதனை சேருங்கள். சாவி எண் ஒன்றாக இருக்கிறதா. சரியாக 16 எழுத்துள்ள கடவுச்சொல். புதிய சாவிக்கு மாறும்போது அட்ஜசென்சி விழாமல் இருக்கிறதா. தொடக்க வரிசை எண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்கும் செயலாக்கத்தில் இன்னொன்றும் உண்டு: கடிகாரம் பின்னோக்கிப் போய் மறுதொடக்கம் ஆனால் எதிர்ப்பக்கம் டெட் நேரம் முடியும் வரை அதன் பாக்கெட்டுகளை நிராகரிக்கும். நேம்ஸ்பேஸ்கள் ஒரே கடிகாரத்தைப் பகிர்வதால் இதற்கு மட்டும் தனி விஎம் வேண்டும்.

#15 நெசவுக்காரன்

மிக்க நன்றி. அடுத்த கட்டத்தில் எல்லை ரூட்டர்களின் பிஜிபியும் (வெளி நெட்வொர்க்குகளோடு ரூட் பரிமாறும் நெறிமுறை) பேர்டுக்குப் போகிறது. அங்கே என்ன?

#16 தந்திக்கம்பம்

அதை நான் சொல்லலாம். முதல் நாள் குழப்பம்: செஷன் எஸ்டாப்ளிஷ்ட், ரூட் பூஜ்யம். ஆர்எஃப்சி 8212 (2017) சொல்வதுபோல, வெளி பிஜிபியில் பாலிசி எழுதாவிட்டால் எதையும் ஏற்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது. எஃப்ஆர்ஆர் கான்ஃபிக்கை ஏற்றுக்கொண்டு, சுருக்கப் பட்டியலில் எண்ணிக்கைக்குப் பதில் ‘பாலிசி’ என்று மட்டும் காட்டும். பேர்ட் 2 கான்ஃபிக்கையே ஏற்க மறுக்கும். இரண்டும் சரிதான்.

ஹோல்டு டைம் (எதிர்ப்பக்க மௌனத்தைப் பொறுக்கும் நொடிகள்) பேர்டுக்கு 240, எஃப்ஆர்ஆருக்கு வழக்கமாக 180. சிறியது வெல்லும் என்பதால் இரு பக்கமும் 180 காட்ட வேண்டும். 3 வைத்துப் பாருங்கள், 0 வைத்துப் பாருங்கள். 1, 2 இரண்டையும் ஓப்பன் பிழை 6ஆல் நிராகரிக்க வேண்டும். ஐபிவி6இல் அடுத்த தாவல் 16 பைட்டாகவும், லிங்க்-லோக்கல் சேர்த்து 32 பைட்டாகவும் வரும் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். பேர்டில் 4 பைட் ஏஎஸ் (நெட்வொர்க்கின் அடையாள எண்) ஆதரவை அணைத்தால் அது பழைய ரூட்டர் வேடம் போடும். அதன் வழியே போன 65550 என்ற ஏஎஸ் அதனிடம் 23456 ஆகவும், அதைத் தாண்டியதும் மறுபடி 65550 ஆகவும் தெரிய வேண்டும்.

பிறகு தெரியாத அட்ரிப்யூட் (ரூட்டோடு சேர்ந்து வரும் பண்பு). இதை விட்டால் வீட்டுக்குள் நடக்கும் கோளாறு அல்ல, ஊருக்கே நடக்கும். 2010 ஆகஸ்ட் 27இல் ஐரோப்பிய முகவரிப் பதிவகமான ரைப் என்சிசியும் டியூக் பல்கலைக்கழகமும் நடத்திய பரிசோதனையில் 99 என்ற எண்ணுடன் விதிப்படி செல்லுபடியாகும் அட்ரிப்யூட் போனது. சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்ஆர் அதைக் கடத்தும்போது சிதைத்தது, சிதைந்ததைப் பெற்ற அண்டைகள் செஷனை முறித்தன. 2019 ஜனவரியில் 255 என்ற எண்ணோடு நடந்த இன்னொரு பரிசோதனையில் எஃப்ஆர்ஆரே மாட்டியது. 2023இல் சிதைந்த 23ஆம் எண் அட்ரிப்யூட்டுக்காக எஃப்ஆர்ஆருக்கு மறுபடி திருத்தம் வந்தது.

எக்ஸாபிஜிபி எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எந்த எண்ணுக்கும் எந்த பைட்டையும் கையால் எழுதி அனுப்பலாம். அது – சோதிக்கப்படுபவர் – மற்றவர் என்று சங்கிலி. விருப்பமான, கடத்தக்கூடிய, பெயர் தெரியாத அட்ரிப்யூட் மறுமுனையில் பைட் மாறாமல், பார்ஷியல் பிட் மட்டும் ஏறி வர வேண்டும். அடுத்து ஆர்எஃப்சி 7606 (2015) படி கெட்டவற்றை அனுப்புங்கள்: ஆரிஜினில் 2க்கு மேற்பட்ட மதிப்பு கொடுத்தால் அந்த ரூட் மட்டும் திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ள வேண்டும், அக்ரிகேட்டரின் நீளம் தவறினால் அந்த அட்ரிப்யூட்டை மட்டும் எறிய வேண்டும். இரண்டிலும் செஷன் நிற்க வேண்டும்.

#17 கரையோரம்

கட்டளை அர்த்தத்தையும் சோதனையில சேருங்க. 2009 பிப்ரவரியில ஒரு செக் நெட்வொர்க்ல பிரிபெண்ட் (பாதையை நீளமாக் காட்ட தங்கள் ஏஎஸ் எண்ணைத் திரும்பத் திரும்ப அடுக்குறது) பண்ணப் போனாங்க. வேற ரூட்டர்ல அந்த இடத்துல ஏஎஸ் எண் எழுதுவாங்க. மைக்ரோடிக்ல எத்தனை தடவைன்னு எழுதணும். 47868ன்னு தங்கள் ஏஎஸ் எண்ணையே போட்டாங்க. அது ஒரு பைட்டுக்குள்ள சுருங்கிடுச்சு: 256ஆல வகுத்த மீதி 252. தங்கள் பேரை 252 தடவை அடுக்கி உலகத்துக்கு அனுப்பினாங்க, போற வழியில 255ஐத் தாண்டினதும் பழைய சிஸ்கோ ரூட்டர்கள் செஷனை முறிச்சுச்சு. கான்ஃபிக்கை ஒரு மொழியிலிருந்து இன்னொன்னுக்கு மாத்தும்போது, வெளியே போற அப்டேட்டைக் கேப்சர்ல பைட்டா பாருங்க, கான்ஃபிக்கைப் பார்த்து நம்பாதீங்க.

#18 நெசவுக்காரன்

கேப்சரை எல்லா இணைப்பிலும் எடுக்க வேண்டுமா, பிரிட்ஜில் ஓரிடத்தில் போதுமா?

#19 முடிச்சு

ஒவ்வொரு ரூட்டரின் இன்டர்ஃபேஸிலும் தனித்தனியாக. பிரிட்ஜில் எடுத்தால் நெட்எம் தின்ற பாக்கெட்டையும் பெறுபவர் எறிந்த பாக்கெட்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. வடிகட்டியில் நெறிமுறை 89, டிசிபி 179 இரண்டு மட்டும். பாக்கெட்டை முழு நீளத்துக்கு எடுங்கள். பிஜிபி பக்கம் டிசிபி செக்சம் தவறு என்று வயர்ஷார்க் சிவப்புக் காட்டும், அது வீஈத்தின் ஆஃப்லோடு, விட்டுவிடுங்கள். ஓஎஸ்பிஎஃப் செக்சம் தவறு என்று வந்தால் விடாதீர்கள். அதை டீமனே கணக்கிடுகிறது. கோப்பின் பெயரில் இரு பக்கத்தின் பதிப்பு எண்ணையும் கெர்னல் பதிப்பையும் சேருங்கள், அடுத்த பேர்ட் வெளியீடு வந்ததும் அதே கோப்புகளோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.